கேட்பவர் பலர், வாங்குபவர் ஒருவர்: பழைய பொருளை இணைய விளம்பரத்தில் விற்பதும் வாங்குவதும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு மாறப் போகிறீர்கள். ஃப்ரிட்ஜ், லேப்டாப், சோபா மூன்றையும் உள்ளூர் விளம்பரத் தளம் ஒன்றில் போட்டிருக்கிறீர்கள். "இருக்கா?", "கடைசி விலை என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், பதில் போட்டதும் காணாமல் போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் பேரமே பேசாமல், பொருளைப் பார்க்காமலே, நீங்கள் சொன்ன விலைக்கு லேப்டாப்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, "இதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்" என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். புது வீட்டுக்கு வேண்டியதை இதே வழியில் வாங்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியது "இந்தத் தளங்களை நம்பலாமா?" என்று. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். இந்த ஆள் ஏமாற்றுக்காரரா? உண்மையில் வாங்கக்கூடியவர்கள் ஏன் வரவில்லை?

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். ஆமாம், ஏமாற்றுக்காரர். அந்தக் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள், அவரோடு பேச்சையும் வளர்க்காதீர்கள். பழைய லேப்டாப், போன்களை இப்படிப்பட்ட விளம்பரங்கள் மூலம் வாங்கி, சரிசெய்து, அதே வழியில் விற்பதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். இந்த ஒரே தந்திரம் சின்னச் சின்ன மாறுதல்களோடு என் விளம்பரங்களுக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. பணத்தைப் பெறுவதற்கு நீங்கள் எதையும் உறுதிசெய்ய வேண்டியதில்லை. பின் எண்ணோ, ஓடிபியோ, கடவுச்சொல்லோ கேட்கப்படுகிறது என்றால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகப்போகிறது என்று பொருள். திரையில் "பெறுகிறீர்கள்" என்று எழுதியிருந்தாலும் சரி, அந்த ஆள் போனில் பேசிக்கொண்டே "அடுத்து இதை அழுத்துங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் சரி. அவர் பேரம் பேசாததே முதல் அடையாளம். பழைய பொருளைப் பார்க்காமல், ஒரு குறைகூடக் கேட்காமல், முழு விலைக்கு ஒப்புக்கொள்பவருக்கு அந்தப் பொருள் தேவையில்லை.

இந்த மோசடியின் உறவினர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று வரும். தவறுதலாக அதிகப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பக் கேட்பார்கள். அனுப்பியதாகக் காட்டிய காசோலையோ குறுஞ்செய்தியோ போலியாக இருக்கும், நீங்கள் திருப்பி அனுப்பியது மட்டும் நிஜப் பணம். "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க ஒரு ஆறு இலக்க எண் அனுப்புகிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பது இன்னொன்று. அந்த எண் உங்கள் பெயரிலோ உங்கள் போன் எண்ணிலோ ஒரு கணக்கைத் திறக்க, அல்லது இருக்கும் கணக்கைக் கைப்பற்ற உதவுவது. கூரியர் நிறுவனத்தின் பக்கம் போலவே தோன்றும் ஓர் இணைப்பை அனுப்பி, "பணம் இங்கே காத்திருக்கிறது, கார்டு விவரம் கொடுங்கள்" என்பது மூன்றாவது. வாங்குபவரைக் குறிவைத்து வருவது எல்லாவற்றிலும் எளிமையானது. நம்பமுடியாத விலையில் ஒரு பொருள், வேறெங்கோ எடுத்த படம், "பலர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றிலும் எலும்புக்கூடு ஒன்றே. பொருள், பணம், வாங்குபவர், விற்பவர் என்ற நான்கில் ஏதாவது ஒன்று அந்த இடத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். வேலை விஷயமாக வெளியூரில் இருப்பார், உறவினரை அனுப்புவார், வண்டி அனுப்புவார், பணம் "வந்துகொண்டிருக்கும்". நான்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் இந்த வகை ஏமாற்று பெரும்பாலும் நடக்கவே முடியாது. எனவே புதிது புதிதாக வரும் தந்திரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதிரே இருப்பவர் இந்த நான்கைப் பிரிக்கப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்தால் போதும்.

இப்போது உங்களைச் சோர்வடைய வைத்த இன்னொரு விஷயம், அந்த "இருக்கா?" கூட்டம். அவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. இது புரிய இந்தத் தளங்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1995இல் கிரெய்க் நியூமார்க் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கு உள்ளூர் நிகழ்ச்சிகளைச் சொல்ல ஒரு மின்னஞ்சல் பட்டியல் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வலைத்தளமானது. லண்டனில் 2000இல் கம்ட்ரீ, பிரான்சில் 2006இல் லெபான்காயின், அதே ஆண்டில் ஓஎல்எக்ஸ், 2016இல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்று வரிசையாக வந்தன. அதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது நாளிதழின் வரி விளம்பரம். வரிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியிருந்ததால் விற்கும் எண்ணம் உறுதியாக இருப்பவர்தான் விளம்பரம் கொடுத்தார். படித்தவரும் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டியிருந்தது. இணையம் இரண்டு செலவையும் பூஜ்யமாக்கிவிட்டது. 2000 முதல் 2007 வரை கிரெய்க்ஸ்லிஸ்ட்டால் அமெரிக்க விளம்பரதாரர்களுக்கு மிச்சமானது சுமார் 500 கோடி டாலர் என்று ராபர்ட் சீமன்ஸும் ஃபெங் சூவும் ஓர் ஆய்வில் மதிப்பிட்டார்கள். நாளிதழ்கள் இழந்ததும் அந்த வருமானத்தைத்தான். விளம்பரம் போடுவது இலவசமானதுபோல விசாரிப்பதும் இலவசமானது. விரலால் ஒரு தட்டு தட்டினால் "இது இன்னும் இருக்கிறதா?" என்று தானே போகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பத்து பேருக்கு அதை அனுப்பியவர் யாருக்கு அனுப்பினோம் என்பதைக்கூட மறந்திருப்பார். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக, வரும் செய்திகளில் பெரும்பகுதி வீண் என்ற கணக்கோடுதான் இதில் இறங்க வேண்டும்.

ஆனால் வாங்கக்கூடிய அந்தச் சிலரும் நழுவிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது, 2001இல் அதற்காக நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. அவர் சொன்னது நாம் அன்றாடம் பார்ப்பதுதான். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாப் பொருளிலும் ஏதோ குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை கேட்கிறார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகிவிடுகிறார். மிஞ்சுவது மட்டமான சரக்கு. உங்கள் ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். ஆனால் படிப்பவருக்கு அது நூற்றுக்கணக்கான "நன்றாக ஓடும் ஃப்ரிட்ஜ்"களில் ஒன்று.

இதிலிருந்து வெளியேற ஒரு வழி, எல்லோரும் மறைப்பதை நீங்கள் சொல்லிவிடுவது. கீழ்த்தட்டில் விரிசல் இருந்தால் அந்த விரிசலைப் படம் எடுத்துப் போடுங்கள். லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது என்றால் அதையே எழுதுங்கள். குறையை எழுதினால் விலை குறையும் என்ற பயம் இருக்கும். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. குறையைப் படித்துவிட்டு வருபவர் வாசலில் நின்று அதைக் காட்டிப் பேரம் பேச முடியாது, மற்றபடி எழுதியிருப்பதையும் நம்புகிறார். தயாரிப்பாளர் ஒட்டிய சீட்டில் உள்ள மாடல் எண், எந்த ஆண்டு வாங்கியது, ரசீது இருக்கிறதா, ஏன் விற்கிறீர்கள், எந்த மாடி, லிஃப்ட் உண்டா, தூக்க எத்தனை பேர் வேண்டும், அகலம் உயரம் ஆழம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். சோபாவுக்கு அளவு போடாத விளம்பரத்தில் பாதிக் கேள்வி அளவைப் பற்றியே வரும். "அவசர விற்பனை", "சூப்பர் கண்டிஷன்", "சும்மா விசாரிப்பவர்கள் வேண்டாம்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். முதலாவது விலையைக் குறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது, இரண்டாவதை யாரும் நம்புவதில்லை, மூன்றாவது நல்லவர்களை மட்டுமே விரட்டுகிறது.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கம்பெனி விளம்பரப் படத்தை இறக்கிப் போடாதீர்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று, உள்விளக்கு எரிவதோடு ஒன்று. லேப்டாப் திரை எரியும் நிலையில் இருக்கட்டும், ஆனால் திரையில் உங்கள் பெயரோ மின்னஞ்சலோ தெரியக் கூடாது. பின்னணியில் வீட்டுச் சாவி, கதவிலக்கம், குழந்தைகளின் பள்ளிச் சீருடை இவை விழுகின்றனவா என்று பாருங்கள். சீரியல் எண்ணின் கடைசிச் சில எழுத்துகளை மறைத்துவிடுங்கள். போன் கேமரா படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் பதிந்து வைக்கக்கூடும். பெரிய தளங்கள் பதிவேற்றும்போது அதை நீக்கிவிடுகின்றன என்றாலும், யாரோ கேட்டார்கள் என்று மூலப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் அது அப்படியே போய்ச் சேரும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுப்பது எளிது.

விலை விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்து, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்னது வாங்குபவர்கள் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், பல வருடம் உட்கார்ந்து எழுந்த சோபாவுக்கு நீங்கள் போட்டிருக்கும் விலையில் உங்கள் நினைவுகளும் சேர்ந்திருக்கும். வாங்குபவர் அதற்குக் காசு தர மாட்டார்.

சரி, எதைப் பார்த்து விலை வைப்பது? பெரும்பாலோர் அதே தளத்தில் அதே பொருளுக்கு மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இன்று கண்ணில் படும் விளம்பரங்கள் எல்லாம் இன்னும் விற்காதவை. சரியான விலைக்குப் போட்டவர் நேற்றே விற்று விளம்பரத்தை எடுத்துவிட்டார். நான் செய்வது, ஒத்த மாதிரிப் பொருட்கள் சிலவற்றைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து எவை மறைந்தன என்று பார்ப்பது. மறைந்தவற்றின் விலைதான் சந்தை விலைக்கு அருகில் இருப்பது. "புதியதின் பாதி விலை" என்று பலர் சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை. மரச்சாமான் அதைவிட வேகமாக விழும், சில கருவிகள் வருடக்கணக்கில் விலை இறங்காமல் நிற்கும். "கடைசி விலை என்ன?" என்பவருக்கு எழுத்தில் ஒரு எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் வரும்போது அதிலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும். "வந்து பாருங்கள், பிடித்தால் பேசிக்கொள்ளலாம். நாளை மாலை ஐந்து மணிக்கா, ஞாயிறு காலை பத்துக்கா?" என்று கேளுங்கள். நேரம் சொல்பவர் வாங்கக்கூடியவர். வருவதாகச் சொன்னவர் கிளம்பும்போது ஒரு செய்தி போடச் சொல்லுங்கள், முகவரியைக் கதவு எண் வரை அப்போது கொடுத்தால் போதும். ஒருவருக்காகப் பொருளைப் பிடித்து வைப்பதை நான் விட்டுவிட்டேன். முதலில் பணத்தோடு வருபவருக்கு என்று எல்லோரிடமும் ஒரே வார்த்தை சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இல்லை.

லேப்டாப்பை வீட்டுக்கு வரவழைக்காமல், ஆள் நடமாட்டமும் மின்சாரப் பிளக்கும் உள்ள பொது இடத்தில் பகலில் காட்டுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல காவல் நிலையங்கள் இதற்கென்றே கேமரா பொருத்திய இடத்தை ஒதுக்கியிருக்கின்றன. ஃப்ரிட்ஜையும் சோபாவையும் வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாது. வருபவர் மற்ற அறைகளைக் கடந்து போக வேண்டாதபடி வாசலுக்கு அருகில் நகர்த்தி வையுங்கள், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்து வைத்ததை அப்போது போட்டுக் காட்டினால் குளிர ஆரம்பிக்கவே நேரமாகும், வந்தவருக்குச் சந்தேகம்தான் வரும். பணம் டிஜிட்டலாக வருகிறது என்றால் அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியையோ நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவரை பொருள் உங்கள் பக்கமே இருக்கட்டும். இதைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் உண்டு. நேர்மையான ஆள் யாரும் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

லேப்டாப்பை விற்கும் முன் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அழித்த கோப்பை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வேண்டியதை வேறிடத்தில் நகலெடுத்து, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, வட்டைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி), பிறகு முழுவதையும் அழித்து மீட்டமைக்கும் வசதியை ஓட்டுங்கள். போன் என்றால் கணக்கிலிருந்து வெளியேறுவது இன்னும் முக்கியம். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தது முதல் ஐபோனிலும், 2015 முதல் ஆண்ட்ராய்டு போன்களிலும், பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாமல் மீட்டமைத்தால் புதியவரால் திறக்க முடியாதபடி பூட்டு விழக்கூடும். திருட்டைத் தடுக்க வந்த வசதி அது. நேர்மையாக விற்றவரைத் திருடன் என்று எண்ண வைப்பதும் அதே வசதிதான்.

வாங்கும் பக்கத்துக்கு வருகிறேன். போன் வாங்கினால் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண்ணைப் பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திருடுபோன எண்களைச் சரிபார்க்கும் வசதி பல நாடுகளில் உண்டு. அமைப்புகளில் கணக்கு எதுவும் இல்லாமல், புதிதாகத் தொடங்கும் திரையிலிருந்து உங்கள் எதிரிலேயே திறக்க முடிய வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி முதலில் எவ்வளவு கொள்ளளவு கொண்டது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதை விண்டோஸே ஓர் அறிக்கையாகத் தரும், ஆப்பிளின் மேக்கில் பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி ஓடியது என்பது தெரியும். ஏதாவது நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கும் கணினி என்று திரையில் எங்காவது வந்தால் வாங்காதீர்கள், அது விற்றவருடையதாக இல்லாமல் இருக்கலாம். எல்லாத் துளைகளிலும் எதையாவது சொருகிப் பாருங்கள், விசைப்பலகையில் எல்லா எழுத்தையும் தட்டுங்கள், திரையின் கீலை மெதுவாக அசையுங்கள். நான் சரிசெய்யும் லேப்டாப்களில் கீல் உடைந்தவை எண்ணிக்கை அதிகம், படத்தில் அது தெரியவே தெரியாது. ஃப்ரிட்ஜ் வாங்கினால் கதவு ரப்பரில் ஒரு தாளை இடுக்கி மூடி இழுத்துப் பாருங்கள், இறுக்கமாக வர வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.

சிலவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பேன். தலைக்கவசத்தின் உள்ளே உள்ள நுரை ஒரு அடியைத் தாங்கி நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஏற்கெனவே அடிபட்டதா என்பது வெளியே தெரியாது. காரில் பொருத்தும் குழந்தை இருக்கையும் அப்படித்தான், அதோடு அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. குழந்தைத் தொட்டில் வாங்கினால் மாடலைத் தேடிப் பாருங்கள். பக்கக் கம்பி இறங்கும் வகைத் தொட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011இல் அமெரிக்கா அவற்றின் விற்பனையையே தடை செய்தது, பழையதை விற்பதும் அதில் அடக்கம். மெத்தையில் மூட்டைப்பூச்சி பல மாதம் பட்டினியாக ஒளிந்திருக்கும். துணி போர்த்திய சோபாவுக்கும் இதே பயம் உண்டு, ஆனால் தையல் மடிப்புகளையும் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்து, கரும்புள்ளிகளைத் தேடிப் பார்க்கப் பொறுமை இருந்தால் சோபாவை வாங்கலாம். வாகனத்தையும் வாடகை வீட்டையும் பற்றி நான் பேசவில்லை. அவற்றில் பதிவு, உரிமை என்று ஆவணங்களின் உலகம் ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் கற்றவர் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. அடையாளங்களை வைத்து ஆளை எடைபோடுவது அப்படி அல்ல. கணக்கு தொடங்கிப் பல வருடம் ஆனது, நிறைய நட்சத்திரம் இருக்கிறது என்பது நல்ல குறிதான், ஆனால் பழைய கணக்குகளைத் திருடி அதிலிருந்தே மோசடி செய்கிறார்கள். படத்தை இணையத்தில் தேடினால் வேறெங்கோ இருப்பது தெரிந்தால் விலகிவிடலாம். எங்கும் இல்லை என்பதால் அவரிடம் பொருள் இருக்கிறது என்று ஆகிவிடாது. எழுத்துப் பிழையை வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள், நல்ல மனிதர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நேரில் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிய பொருளே திருட்டுப் பொருளாக இருக்கும் சாத்தியமும் முழுதாகப் போகாது. ரசீதைப் போலியாகச் செய்ய முடியும். தனக்குச் சொந்தமில்லாததை விற்பவரால் உரிமையை மாற்றித் தர முடியாது என்பது பல நாட்டுச் சட்டங்களின் பொதுவான கொள்கை. விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், பொருளும் போய்க் காசும் போகும் நிலை வாங்கியவருக்கு வரலாம். அதனால் விலை உயர்ந்த பொருளுக்கு விற்பவரின் பெயர், கையொப்பம், சீரியல் எண், தேதி எழுதிய ஒரு தாளை நான் எப்போதும் வாங்கி வைக்கிறேன். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

அந்தக் கோடை ஏற்கெனவே ஸ்கேன் செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை செய்திருந்தால் இதை முடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல் வங்கியை அழையுங்கள். பணம் இன்னொரு கணக்கில் தங்கியிருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு, அது கைமாறிவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். பிறகு பின் எண்ணை மாற்றி, உரையாடல், எண், பரிமாற்றக் குறியீடு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றப் புகாரும் தளத்துக்குப் புகாரும் கொடுங்கள். அவரைத் திட்டிவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், புகாருக்கு ஆதாரமே அதுதான். இதைப் பற்றிப் பொதுவெளியில் எழுதினால், இழந்த பணத்தை ஒரு சிறு கட்டணத்துக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லிச் சிலர் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களும் அதே தொழிலில் இருப்பவர்கள்தான், பதில் போடாதீர்கள்.